ஐந்து அரங்குகளில் ஒரே நேரத்தில் செஷன்: எதில் போய் உட்காருவது?

கேள்வி: ஐயா, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் போய் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து தரும் சிறிய கம்பெனி. சர்வர், நெட்வொர்க், பேக்கப் மூன்றும் என் பொறுப்பு. அடுத்த மாதம் பெங்களூருவில் வெள்ளி, சனி இரண்டு நாள் நடக்கும் கிளவுட் மாநாட்டுக்கு என்னை அனுப்புகிறார்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஒரே நேரத்தில் ஐந்து அரங்குகளில் செஷன் நடக்கிறது. பாதித் தலைப்புகளில் ஏஐ. எதைப் பார்ப்பது, எதை விடுவது? எனக்கு ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. கேள்வி கேட்கலாம் என்று நினைத்தாலும் வாய் எழாது. திரும்பி வந்ததும் மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைக்கு மாற்று விடுப்பு கேட்பது தப்பா என்றும் சொல்லுங்கள்.
– வாசகி, கடலூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

நிகழ்ச்சி நிரலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். அதைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சமீப காலமாக உங்களைத் தூங்கவிடாத விஷயங்கள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். புதிதாக எதையெல்லாம் கற்கலாம் என்ற பட்டியல் வேண்டாம். எது அடிக்கடி உடைகிறது, எது உடைந்தால் நள்ளிரவில் உங்களுக்கு போன் வருகிறது, எதற்கு உங்களிடம் இன்றுவரை விடை இல்லை என்று எழுதுங்கள். இரண்டு மூன்று தேறினால் போதும். அந்தத் தாள்தான் உங்கள் நிகழ்ச்சி நிரல்.

இந்தக் கடற்கரையில் பேக்கப் பார்க்கும் ஒருவருக்கு ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும் என்பதால் அதை நானே எழுதித் தருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அன்று உங்கள் சர்வர் அறையில் என்ன நடந்தது? கரண்ட் எத்தனை மணி நேரம் இல்லை, யுபிஎஸ் எவ்வளவு தாங்கியது, ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்கி வந்தார்கள்? ஃபைபர் அறுந்தபோது மருத்துவமனைகள் எப்படி பில் போட்டன? பேக்கப் எடுத்து வைத்த டிஸ்க் அதே கட்டடத்தில்தான் இருந்ததா? 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூரைச் சிதைத்த தானே புயலை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்த கதையைச் சொல்வார்கள். அப்படி ஒன்று மறுபடி வந்தால் உங்கள் மருத்துவமனை வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

இதற்கு இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது, எவ்வளவு நேரத்துக்குள் சேவை திரும்ப ஓட வேண்டும். இரண்டாவது, எவ்வளவு நேரத்துத் தரவு போனால் தாங்கும். மருத்துவமனைக்கு நான்கு மணி நேரம் மென்பொருள் இல்லாவிட்டால் கையால் பில் எழுதிச் சமாளிப்பார்கள். ஆனால் நேற்று முழுவதும் போட்ட பில்கள் காணாமல் போனால் சமாளிக்க முடியாது. இந்த இரண்டு எண்களையும் மாநாட்டுக்குப் போகும் முன் உங்கள் மேனேஜரிடமும், முடிந்தால் ஒரு மருத்துவமனையிலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இவை கையில் இல்லாமல் பேரிடர் மீட்பு பற்றிய எந்தப் பேச்சைக் கேட்டாலும், இன்னொருவர் கதையைக் கேட்ட மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டாவது பிரதி எந்த ஊரில் இருக்க வேண்டும்? மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய கிளவுட் தரவு மையம் சென்னையில் இருக்கிறது, மத்திய இந்திய மையம் புனேயில். அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஹைதராபாத்திலும் மையங்கள் உண்டு. புதுச்சேரியில் ஒரு பிரதி, சென்னையில் ஒரு பிரதி என்று வைப்பவர்கள் அதிகம்; பக்கத்தில் இருப்பதால் வேகம் கிடைக்கும். ஆனால் இரண்டுமே வங்கக்கடல் ஓரம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை எப்படி மூழ்கியது என்று பார்த்தோம். பெரிய தரவு மையங்கள் வெள்ளத்தைத் தாங்கும்படிதான் கட்டப்பட்டிருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அங்கே போய்ச் சேரும் இணைப்பு? தூரத்து ஊரில் வைத்தால் செலவு எவ்வளவு கூடும்? இதையெல்லாம் அனுபவப்பட்ட ஒருவரிடம் நேரில் கேட்பதற்கு இந்த இரண்டு நாட்களை விட நல்ல வாய்ப்பு உங்களுக்குச் சீக்கிரம் வராது.

இனி நிரலைத் திறக்கலாம்.

முதலில் ஒவ்வொரு செஷனும் பதிவு செய்யப்படுமா என்று பாருங்கள். பெரிய மாநாடுகளில் மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் சில வாரங்களில் யூடியூப்பில் வந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் நடக்கும் பைதான் நிரலாளர்களின் பைகான் இந்தியா மாநாட்டுப் பேச்சுகளும் அமேசானின் ரீஇன்வென்ட் கிளவுட் மாநாட்டுப் பேச்சுகளும் அப்படித்தான் கிடைக்கின்றன. பதிவாகும் பேச்சை வீட்டில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, புரியாத இடத்தைத் திரும்பவும் கேட்கலாம். பதிவாகாதவற்றுக்குத்தான் பெங்களூரு வரை போக வேண்டும். ஒர்க்ஷாப், வெள்ளைப்பலகை முன்னால் சிறு கூட்டமாக நடக்கும் கலந்துரையாடல், ஒரே பிரச்சினை உள்ளவர்கள் கூடி உட்காரும் திறந்த அமர்வு போன்றவை அந்த வகை. ஒரே நேரத்தில் ஐந்து இருந்தால், பதிவாகாத ஒன்று உங்கள் தாளில் உள்ள கேள்வியைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் வேறு யோசனையே வேண்டாம்.

தொடக்க உரையை விட்டுவிடத் தயங்காதீர்கள். அதில் அறிவிக்கப்படும் புதிய சேவைகள் மதியத்துக்குள் எல்லோர் போனிலும் செய்தியாக வந்துவிடும். அந்த நேரத்தில் ஸ்டால் பகுதியில் கூட்டம் குறைவாக இருக்கும். நிறுவனங்களின் பொறியாளர்கள் நிதானமாகப் பேசுவார்கள். ஐந்து பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து பேசும் குழு விவாதத்தையும் நான் பெரிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். ஆளுக்கு எட்டு நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் யாராலும் ஆழமாக எதையும் சொல்ல முடியாது.

தலைப்பை நம்பாதீர்கள், சுருக்கத்தைப் படியுங்கள். தலைப்பு கூட்டம் சேர்ப்பதற்காக எழுதப்படுவது. சுருக்கத்தில் எங்களுக்கு இப்படி ஒரு சிக்கல் வந்தது, இதைச் செய்தோம், இது பலிக்கவில்லை, பிறகு இப்படி மாற்றினோம் என்ற ஓட்டம் தெரிந்தால் அங்கே போங்கள். எல்லாமே வேகமாகும், எளிதாகும், பாதுகாப்பாகும் என்று மட்டும் இருந்தால் அது விற்பனைப் பேச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பேசுபவரின் பதவியையும் பாருங்கள். தினமும் சர்வரை ஓட்டுபவரா, அந்தச் சேவையை விற்கும் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவா? விற்பவர் பேச்சிலும் தகவல் இருக்கும். ஆனால் அதன் விலையும் எல்லைகளும் அவர் வாயிலிருந்து தானாக வராது, நீங்கள்தான் கேட்க வேண்டும். பல மாநாடுகளில் பணம் கட்டி வாங்கிய செஷன்களை நிரலிலேயே தனியாகக் குறித்திருப்பார்கள். அந்தக் குறியைக் கவனியுங்கள்.

அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவை நடத்தும் மாநாடுகளில் செஷனின் எண்ணே அதன் ஆழத்தைச் சொல்லிவிடும். 100-இல் தொடங்குபவை அறிமுகம், 200 இடைநிலை, 300 ஆழமானவை, 400 நிபுணர்களுக்கானவை. நீங்கள் தினமும் கைவைக்கும் பேக்கப், நெட்வொர்க் விஷயங்களில் 300-க்குத் துணிந்து போங்கள். பாதி புரியாமல் போனாலும் புரிந்த பாதி வேலைக்கு வரும். இதுவரை தொடாத துறையில் 100, 200 போதும். அறிமுக செஷன்களையே வரிசையாகப் பார்த்துவிட்டு வருவது பலர் செய்வது. இரண்டு நாளும் எல்லாம் புரிந்த நிறைவு இருக்கும், திங்கட்கிழமை செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஏஐ பற்றி: பயந்து ஒதுக்கவும் வேண்டாம், பின்தங்கிவிடுவோம் என்று எல்லாவற்றிலும் போய் நிற்கவும் வேண்டாம். உங்கள் தாளில் உள்ள பிரச்சினையை அது தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள். சர்வர் தன் வேலைகளைத் தானே குறித்து வைக்கும் லாகுகளில் வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுபிடிப்பது, எச்சரிக்கை மெயில்கள் ஆயிரமாகக் குவியும்போது முக்கியமானதைப் பிரிப்பது போன்றவை உங்கள் வேலைக்கு நெருக்கமானவை. மருத்துவமனைத் தரவை வெளியார் ஏஐ சேவைக்கு அனுப்பலாமா என்ற கேள்வியும் உங்களிடம் சீக்கிரம் வரும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு இது பொறியாளரின் வேலைக்குள்ளும் வந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு செஷன் இருந்தால் போய் உட்காருங்கள்.

தரவைப் பூட்டி வைத்துவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பற்றியும் கட்டாயம் ஒரு செஷன். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, நோயாளிகள் பதிவு உட்பட எத்தனையோ வேலைகளைப் பல நாட்கள் காகிதத்தில் செய்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை என்றால், உங்கள் வாடிக்கையாளர்களான சிறு மருத்துவமனைகளை நினைத்துப் பாருங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில் என்ற பழைய பேக்கப் விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அதோடு, யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத ஒரு பிரதியையும் சேர்க்கிறார்கள். அதைக் குறைந்த செலவில் எப்படி அமைப்பது என்று செய்து காட்டும் ஒர்க்ஷாப் இருந்தால், மற்ற நான்கு அரங்குகளையும் மறந்துவிடுங்கள்.

ஒர்க்ஷாப் என்றால் முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டியிருக்கும், இடங்கள் குறைவு. அதை இன்றே பாருங்கள். லேப்டாப்பில் தேவையான மென்பொருள்களை இங்கிருந்தே இறக்கிக்கொண்டு போங்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே வைஃபையில் இருக்கும் அரங்கில் பெரிய ஃபைல் இறங்காது. அது இறங்கி முடிவதற்குள் பயிற்சி முடிந்துவிடும். கம்பெனி லேப்டாப் என்றால் மென்பொருள் நிறுவும் அனுமதி இருக்கிறதா என்று சோதியுங்கள். சார்ஜரை மறக்காதீர்கள்.

செஷன்களை இடைவெளியில்லாமல் அடுக்காதீர்கள். காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என்று இரண்டு நேரங்களைக் காலியாக விடுங்கள். கேட்டதை எழுதிக்கொள்ளவும், ஒருவரைப் பிடித்துப் பேசவும், சும்மா உட்காரவும் அந்த நேரம் வேண்டும்.

ஒரு செஷன் உங்களுக்கு ஆகாது என்று பத்து நிமிடத்தில் தெரிந்தால் எழுந்து வேறு அரங்குக்குப் போகலாம். நம் ஊரில் ஒருவர் பேசும்போது நடுவில் எழுவது மரியாதைக் குறைவு. அதனால் பலர் முள்மேல் உட்கார்ந்திருப்பது போலக் கடைசிவரை இருப்பார்கள். மாநாட்டு வழக்கம் வேறு. ஹாரிசன் ஓவன் என்பவர் 1980-களில் வடிவமைத்த திறந்த அமர்வு முறையில் இதை ஒரு விதியாகவே வைத்தார்: கற்கவோ கொடுக்கவோ முடியாத இடத்தில் நிற்காமல் உன் இரண்டு கால்களைப் பயன்படுத்து. ஓர நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் தொந்தரவில்லாமல் வெளியேறலாம்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. உங்களைப் போல வேலை தெரிந்த எத்தனையோ பேர் இந்த ஒரு காரணத்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மைக் வாங்கி நூறு பேர் முன்னால் கேட்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பேச்சு முடிந்ததும் பேசியவர் மேடைக்குக் கீழே வந்து நிற்பார். நான்கைந்து பேர் சூழ்ந்திருப்பார்கள். அங்கே போங்கள். நல்ல பதில்கள் அங்கேதான் கிடைக்கும். மேடையில் சொல்ல முடியாத தோல்விகளைக்கூட அங்கே மனம் விட்டுச் சொல்வார்கள். கேள்வியை முந்தின இரவே மூன்று சின்ன வாக்கியங்களாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் நிலை இது, இதைச் செய்து பார்த்தோம், இந்த இடத்தில் நிற்கிறது. தாளைப் பார்த்தே படியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பெங்களூரு ஐடி உலகத்தில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். அவர் தமிழர் என்று தெரிந்தால் தமிழிலேயே கேளுங்கள். முட்டாள்தனமான கேள்வி, மன்னிக்கவும் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். புயலில் மருத்துவமனை சர்வரைக் காப்பது எப்படி என்பதை விட உருப்படியான கேள்வி அந்த அரங்கில் அதிகம் இருக்காது.

கேட்கும்போது வாடிக்கையாளர் பெயர், சர்வர் முகவரி, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் சொல்ல வேண்டாம். ஒரு மருத்துவமனை என்றால் போதும். லேப்டாப் திரையை யாருக்காவது காட்டும் முன்பும் இதை நினைவில் வையுங்கள். ஸ்டால்களில் பரிசுப் பையைக் கொடுத்து உங்கள் பேட்ஜில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்வார்கள்; அதோடு உங்கள் மெயிலும் போன் எண்ணும் அவர்களிடம் போய்விடும், பிறகு மாதக்கணக்கில் அழைப்பு வரும். பதிவு செய்யும்போதே அலுவலக மெயிலைக் கொடுத்துவிடுங்கள், சொந்த எண் வேண்டாம்.

இப்போது பல மாநாடுகள் நடத்தை விதிகளை வெளியிட்டு, புகார் சொல்ல ஒரு தொடர்பையும் கொடுக்கின்றன. அந்த எண்ணைப் போகும் முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். யாராவது அத்துமீறினால் பொறுத்துப் போக வேண்டியதில்லை.

தனியாகப் போகிறோமே என்ற தயக்கம் இருந்தால், போவதற்கு முன் பக்கத்திலேயே ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பழகுங்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் இருக்கிறது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்குபவர்களும் பயன்படுத்துபவர்களும் கூடும் தமிழ்நாடு மினி டெப்கான்ஃப் 2023 ஜனவரியில் விழுப்புரத்தில்தான் நடந்தது. அங்கெல்லாம் தமிழில் கேட்கலாம், தமிழில் பதில் வரும். ஒருமுறை நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் பெங்களூரு அவ்வளவு பயமுறுத்தாது.

ரிப்போர்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஸ்லைடுகளை போனில் படம் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். அவை பெரும்பாலும் பிறகு பகிரப்படும், உங்கள் கவனம்தான் திரும்ப வராது. ஒவ்வொரு செஷனுக்கும் அவர்கள் சிக்கல் என்ன, என்ன செய்தார்கள், நம் இடத்தில் எது பொருந்தாது என்று எழுதுங்கள். மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் அதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் காலையில் பாதி மறந்திருக்கும்.

மேனேஜருக்கு எல்லா செஷன்களின் சுருக்கமும் தேவையில்லை, அவர் படிக்கவும் மாட்டார். ஒரே பக்கம் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் நாம் செய்து பார்க்க வேண்டியது ஒன்று, அதற்கு ஆகும் செலவு, செய்யாவிட்டால் அடுத்த புயலில் என்ன ஆகும் என்பது. அந்த ஒன்று எதுவாக இருக்கலாம் என்று என்னைக் கேட்டால், பேக்கப்பிலிருந்து முழு சர்வரையும் வேறு ஒரு மெஷினில் மீட்டெடுத்துப் பார்க்கும் ஒத்திகை என்பேன். பேக்கப் தினமும் ஓடுகிறது என்று பச்சை விளக்கைப் பார்த்தே திருப்தியாக இருக்கும் அலுவலகங்கள் அதிகம். மீட்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதைச் செய்துவிட்டால், நவம்பர் முழுக்க நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். சக ஊழியர்களுக்கும் அரை மணி நேரம் தமிழில் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும்போது சர்வர் விழுந்தால் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும்.

கடைசியாக மாற்று விடுப்பு. கேட்பது தப்பே இல்லை. கம்பெனி அனுப்பி, கம்பெனிக்காகப் போகும் நாள் அது, உங்கள் அலுவலகத்தில் சனிக்கிழமை விடுமுறை என்றால் அதற்கு ஈடு கேட்பது நியாயம். திரும்பி வந்து கேட்டால் சங்கடமாகும். போகும் முன்பே மெயிலில் கேளுங்கள். அதே மெயிலில் வியாழக்கிழமை பகலில் கிளம்பவும், இரண்டு இரவு தங்க அரங்குக்குப் பக்கத்தில் அறை எடுக்கவும் அனுமதி கேளுங்கள். வியாழன் இரவு பஸ் ஏறி, தூக்கமில்லாமல் இறங்கி நேராக அரங்குக்குப் போனால் மதியத்துக்கு மேல் எதுவும் மண்டையில் ஏறாது. சனிக்கிழமை கடைசி செஷன் முடிந்து இரவு பஸ் பிடித்தால் ஞாயிறு காலை கடலூர் வந்துவிடலாம். வார இறுதியில் பெங்களூரு பஸ்களில் இடம் கிடைப்பது கஷ்டம், அதனால் அனுமதி வந்ததும் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள்.